தெமியாங் குன்றைப் பற்றித் தம்பிக்கு

தெமியாங், சிரம்பான்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் மழைநாளில் கூடிவிடுகிறது. உன் பிள்ளைகளின் படம் வந்தது. பெரியவன் அப்படியே அப்பாவின் நெற்றியோடு நிற்கிறான் என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டாய்: "குவாரியைத்தான் மூடிவிட்டார்களே அக்கா, செடியும் நட்டிருக்கிறார்கள் என்கிறாய், பிறகு எதற்கு ஆட்சேப மனு?" நீ சாலை போடும் பொறியாளர். கல்லின் தேவை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அதனால் உனக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தொலைபேசியில் பேசினால் கோபம் முந்திக்கொள்கிறது. எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும்.

கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் பிறந்த லயத்தின் அடித்தளமும், நான் படிப்பித்த தமிழ்ப்பள்ளியின் திடலும், நீ ஜொகூரில் போடும் சாலையும் ஏதோ ஒரு மலையிலிருந்து வந்தவைதான். சிரம்பானுக்குப் பின்னால் எழும்பி நிற்பது தித்திவாங்சா மலைத்தொடர், முழுக்கக் கருங்கல். நகரம் வளர்ந்தால் யாராவது அங்கே கல் உடைக்கத்தான் போகிறார்கள். என் ஆட்சேபம் உடைத்ததைப் பற்றியது அல்ல, உடைத்து முடித்தபின் விட்டுப்போன விதத்தைப் பற்றியது. குவாரி மூடியது என்று பலகை வைத்துவிட்டார்கள். ஆனால் குன்றுக்குச் செய்ய வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்யவில்லை.

நீ கடைசியாக வந்தபோது உள்ளே போய்ப் பார்க்கவில்லை அல்லவா? நம் பழைய தோட்டத்தின் எல்லை வாய்க்காலைத் தாண்டினால் அப்பா காலத்தில் மெரந்தி மரங்கள் நின்ற சரிவு இருக்குமே, அது இப்போது செங்குத்தான வெட்டுச்சுவர். படிப்படியாக இறக்கி வெட்டியிருந்தால் படிகளில் மண் தங்கும், விதை விழும், ஏதாவது முளைக்கும். மேலே இரண்டு படிகள் மட்டும் இருக்கின்றன. அதற்குக் கீழே கடைசிக் கல்வரை எடுத்துவிடும் அவசரத்தில் நேராக வெட்டி இறக்கிவிட்டார்கள். மழை பெய்த மறுநாள் அந்தச் சுவரின் விரிசல்களிலிருந்து தண்ணீர் கசிவதைக் கோயில் வாசலிலிருந்தே பார்க்கலாம். அடியில் பள்ளம் நிறையப் பச்சைத் தண்ணீர். கரையிலிருந்து ஓர் எட்டு வைத்தாலே ஆழம். வேலி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, பள்ளி விடுமுறையில் பையன்கள் அதன் வழியாகத்தான் நீந்தப் போகிறார்கள். நான் போய்த் திட்டி அனுப்புகிறேன். நான் இல்லாத நேரத்தில் யார் திட்டுவார்கள்?

நட்ட செடிகளைச் சொன்னேனே, அவையெல்லாம் வாயிலுக்குப் பக்கத்தில், சாலையில் போகிறவர் கண்ணில் படும் இடத்தில் நிற்கும் ஒரு வரிசை அக்கேசியா. கல்தூளைக் கொட்டிச் சமப்படுத்திய தரையில் குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். பாதி காய்ந்துவிட்டது. மீதி பிழைத்துக்கொள்ளலாம், அந்த மரம் எதிலும் பிழைக்கும். ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்து மரமான அக்கேசியா மாங்கியம் 1960-களில் சபாவுக்கு வந்து பிறகு நாடெங்கும் பரவியதும் அந்தக் குணத்தால்தான். வெறும் தரையை விரைவில் பச்சையாக்க அது உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே மரத்தை வரிசையாக நட்டுப் படம் எடுத்து அறிக்கையில் ஒட்டினால் காடு திரும்பிவிட்டது என்று ஆகாது. லோத்தோங் குரங்குகள் அந்த மரங்களுக்கு வந்து நான் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாதது மேல்மண். குன்றைத் திறந்தபோது முதலில் வாரியெடுத்த கறுப்பு மண் இருக்கிறதே, அதில்தான் விதையும் வேரும் பூஞ்சையும் உயிரும் இருந்தன. அதை ஒரு பக்கம் குவித்துக் கொடி போட்டு மூடிப் பாதுகாத்து, கல் எடுத்து முடித்த படிகளில் திரும்பப் பரப்ப வேண்டும். உலகத்தில் எங்கே ஒழுங்காகக் குவாரி நடத்தினாலும் முதல் பாடம் அதுதான். இங்கே அந்த மண் லோரி லோரியாகத் தாமான் வீடுகள் கட்டும் இடங்களுக்கு நிரப்பு மண்ணாகப் போனது. அப்பாவே அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று புதிதாக மேல்மண் வேண்டுமென்றால் இன்னொரு குன்றைச் சுரண்டித்தான் கொண்டுவர முடியும்.

தம்பி, சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது எப்படி என்று தெரியாது என்று இந்த மாநிலத்தில் யாரும் சொல்ல முடியாது. அதைச் செய்து காட்டியவர்கள் நம் ஆட்கள்தான். மலாயாவில் ரப்பர் போட்ட முதல் தலைமுறைத் துரைமார் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்றார்கள். நம் பாட்டிமார் வரிசையாக நின்று தரையைச் செதுக்கினார்கள். மலைச்சரிவில் அப்படிச் செதுக்கிய மண் ஒவ்வொரு மழைக்கும் ஆற்றில் இறங்கியது. ஆறுகள் மேடிட்டன, மரங்களின் வேர் வெளியே தெரிந்தது. பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, 1920, 30-களில் முறையை மாற்றினார்கள். 1925-ல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் அவரை இனத்துக் கொடிகளைப் பரிந்துரைத்தது: பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா. அவை தரையை மூடும், மழைத்துளியின் அடியைத் தாங்கும், காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். சரிவின் உயரக்கோட்டை ஒட்டிப் படிவரிசை வெட்டினார்கள். ஓடிவரும் மண் தங்குவதற்கு இடையிடையே குழி தோண்டினார்கள். மறுநடவு என்று பழைய மரங்களைச் சாய்த்தால் கன்று வைக்கும்போதே கொடி விதையையும் தூவிவிடுவார்கள், தரையை வெறுமையாக விடுவதில்லை.

அப்பா அந்தக் குழிகளைத் தோண்டியவர். மழை பிடித்தால் மண்வெட்டியோடு போய் அடைப்பெடுப்பார். யாரும் சொல்லிப் போனதில்லை. "கீழே நம்ம லயம் இருக்கு" என்பார், அவ்வளவுதான். தோட்ட முதலாளிமார் நம்மவர்களுக்குச் செய்த கொடுமைகளை மறந்து நான் இதை எழுதவில்லை. லாபத்துக்காக நடந்த தோட்டமே, தொழிலாளியின் உழைப்பைக் கொண்டு, சரிவைக் காப்பாற்றிய முறை ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது. அதே சரிவில் எல்லா இயந்திரமும் வைத்திருந்த ஒரு குவாரியால் ஒரு வண்டல் குளத்தைத் தூர் வாரி வைக்க முடியவில்லை. இப்போது மழை பெய்தால் வாய்க்காலில் வருவது சாம்பல் நிறச் சேறு. அது தெமியாங் ஆற்றில் இறங்கி, லிங்கி ஆற்றோடு சேர்ந்து, போர்ட்டிக்சன் பக்கம் கடலுக்குப் போகிறது. நம் ஊரின் வெள்ளத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நகரமெங்கும் சிமெண்டு போட்டதும் காரணம். ஆனால் மேடிட்ட வாய்க்காலில் தண்ணீர் கொள்ளுமா?

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். நம் நாட்டில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். பாறையை எடுத்துக் கொண்டுபோகத் தேசிய நிலச் சட்டத்தின் கீழ் பாரம் 4சி என்ற அனுமதி. பாறையை வெடிவைத்து எடுக்கும் முறையையும் பாதுகாப்பையும் கவனிக்கக் கனிம, புவியறிவியல் இலாகா. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1987-ல் வந்த ஆணை, குடியிருப்பு, வணிக, தொழில் பகுதிகளுக்கு 3 கிலோமீட்டருக்குள் கல் எடுப்பதாக இருந்தால் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்று சொன்னது. 2015-ல் அதற்குப் பதிலாகப் புதிய ஆணை வந்தது. ஆக, தாள்களுக்குக் குறைவில்லை. அந்தத் தாள்களில் பெரும்பகுதி திறப்பதற்கு முன்னால் எழுதப்படுபவை. தூசி எவ்வளவு, அதிர்வு எவ்வளவு, லோரி எத்தனை என்று பக்கம் பக்கமாக இருக்கும். கடைசி லோரி போனபின் அந்த இடம் எப்படி இருக்க வேண்டும், அதை யார் வந்து அளந்து பார்த்துச் சரி என்று சொல்வார்கள், சொல்லும்வரை யார் பணம் எங்கே கட்டிவைக்கப்பட்டிருக்கும் என்பதை நான் கேட்டுப் பார்த்தேன். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒரு தம்பி, நல்ல பிள்ளை, "டீச்சர், அந்தக் கோப்பு முடிந்துவிட்டது" என்று மலாயில் சொல்லிவிட்டு வருத்தத்தோடு பார்த்தார்.

வாடகைக்கு வீடு எடுப்பவரிடம் முன்பணம் வாங்குகிறோம். காலி செய்யும்போது சுவரும் குழாயும் பார்த்துத்தான் திருப்பித் தருகிறோம். ஒரு குன்றை எடுத்துக்கொள்பவரிடம் அதே அளவாவது கறாராக இருக்க வேண்டாமா? முன்பணம் என்று பெயருக்கு ஒரு தொகை இருந்தால் போதாது. சரிவை நிலைப்படுத்தி, மண் பரப்பி, மரம் வைத்து, சில வருடம் பார்த்துக்கொள்ள உண்மையில் ஆகும் செலவுக்குச் சமமாக அது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் முன்பணத்தை விட்டுவிட்டுப் போவதே லாபம் என்றாகிவிடும். அதோடு, எல்லா வேலையையும் கடைசியில் செய்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளவே கூடாது. மேல்படியில் கல் எடுத்து முடிந்ததும் அதில் மண்ணும் மரமும் வைத்துவிட்டுத்தான் கீழ்ப்படிக்கு இறங்க வேண்டும். கல் விற்றுப் பணம் வரும் நாளில்தான் சீரமைப்புக்குப் பணம் இருக்கும். கல் தீர்ந்த நிறுவனத்திடம் பணம் இருக்காது, சில சமயம் நிறுவனமே இருக்காது.

தாத்தாவின் ஊரை நினைத்துப் பார். மேலூர்ப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர் அவர். அந்த மதுரை மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளைப் பற்றி 2012-ல் ஆட்சியராக இருந்த உ. சகாயம் அறிக்கை அனுப்பியபோது அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக அமர்த்தியது. எல்லாரும் பணக் கணக்கைப் பேசினார்கள். என் மனத்தில் நின்றது கீழவளவுப் பக்கத்துப் பள்ளங்கள்தான். சமணர் படுக்கைகள் உள்ள மலையைச் சுற்றி அடுக்கடுக்காகக் கல் கிடக்க, இடையில் ஆழமான தண்ணீர். அபராதம் போடலாம், வழக்குப் போடலாம். கண்மாய்க்கு நீர் வந்த வழியை யார் திரும்ப வெட்டிக் கொடுப்பார்கள்? பக்கத்திலேயே அரிட்டாபட்டி. அங்கே மக்கள் தங்கள் குன்றுகளைக் குவாரிக்கு விடாமல் நின்றார்கள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. பிறகு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோதும் ஊரே திரண்டு எதிர்த்தது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தாத்தா இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. சுரங்கம் தோண்டி முடித்தவர்கள் அந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்துக் கொடுக்க வேண்டும், கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் தீனி கிடைக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதைக் குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும் என்றது. அது எந்த அளவு நடக்கிறது என்பது வேறு. ஆனால் கேட்பதற்கு ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது: புல் முளைத்ததா, மாடு மேய முடிகிறதா? நம் மனுவிலும் இப்படிக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவுகோல் வேண்டும் என்பது என் ஆசை.

நம் நாட்டிலேயே பத்துமலை இருக்கிறது. தம்புசாமிப் பிள்ளை 1891-ல் கோயில் எழுப்பிய அந்தச் சுண்ணாம்புக்கல் மலையையே ஒரு பக்கம் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மலேசிய இயற்கைக் கழகம் போன்றவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில்தான் கல்லுடைப்பு நின்றது. அதற்கு முன் போன பகுதி போனதுதான், சுண்ணாம்பு மலை வளர்ந்து வராது. ஆனாலும் பத்துமலைக்குத் தைப்பூசம் இருக்கிறது, உலகம் முழுவதும் பார்க்கிறது, கேட்க ஆள் இருக்கிறார்கள். நம் குன்றுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? சுற்றுலாப் பேருந்து வராத குன்று அது. அதன் அழகு காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கும், மாலையில் கோயில் திண்ணையில் உட்காரும் கிழவர்களுக்கும் மட்டும் சொந்தமாக இருந்தது. எழில்மிகு இடம் என்று எந்த வரைபடமும் குறிக்காத குன்றுக்கும் அதே நியாயம் வேண்டும் என்பதுதான் என் வாதத்தின் மையம்.

முடியாது என்று யாராவது சொன்னால் தைப்பிங்கைக் காட்டு. ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்தை 1880-லேயே ஏரித் தோட்டமாக்கினார்கள். அந்தத் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்து நிற்பதை நீயும் நானும் சேர்ந்து பார்த்திருக்கிறோம். சிங்கப்பூரில் புக்கிட் தீமா குன்றைச் சுற்றிக் கருங்கல் எடுத்த பள்ளங்களைப் போய்ப் பார். ஒன்றில் தண்ணீர் ஓரத்தில் செடி வளர்த்து, பார்வை மேடை கட்டி, பறவைகள் வரும் இடமாக்கியிருக்கிறார்கள். ஹிந்திட் குவாரியில் ஆழமான தண்ணீர்ப் பக்கம் யாரும் போக முடியாதபடி வேலி. புலாவ் உபினில் கடைசிக் குவாரி 1999-ல் மூடியது, இன்று அந்தப் பள்ளங்களில் நாரை இனங்கள் கூடு கட்டுகின்றன. ஜொகூர் பாலத்துக்கு அந்தத் தீவிலிருந்தும் கல் வந்தது, நீ தினமும் பார்க்கிற பாலம்.

ஆனால் சிங்கப்பூரை நான் முழுதாக மெச்ச மாட்டேன். தன் குன்றுகளுக்கு ஓய்வு கொடுத்தபின் அந்த நாடு பக்கத்து நாடுகளின் கல்லை வாங்கியது. 2007-ல் இந்தோனேசியா கல் ஏற்றிய படகுகளைத் தடுத்தபோது அங்கே கட்டுமானமே தடுமாறியது. பணக்கார ஊர் தன் மலையைப் பூங்காவாக்கிக்கொண்டு, பெயர் தெரியாத ஊரின் மலையை உடைத்து வீடு கட்டிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. சிரம்பானும் கோலாலம்பூரும் நாளைக்கு இதையே செய்யலாம். அதனால்தான், கல் வாங்குகிற நீயும் உன் அலுவலகமும் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் கல் எடுத்த இடத்தை என்ன செய்யப்போகிறீர்கள்? நீங்கள் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். நாங்கள் கேட்டால் கோப்பு முடிந்துவிட்டது என்கிறார்கள்.

இப்போது அவசரம் ஏன் என்றால், பள்ளத்தை மூடிக் குப்பை மண் கொட்டும் இடமாக்கலாம் என்றொரு பேச்சு அடிபடுகிறது. இன்னொரு பேச்சு, அதை ஒட்டிய அடுத்த சரிவுக்கும் அனுமதி கேட்கிறார்கள் என்பது. இரண்டும் உறுதியான செய்தி அல்ல, கோயில் கமிட்டிக் கூட்டத்தில் கேட்டவை. ஆனால் உறுதியாகும்வரை காத்திருந்தால் கருத்துச் சொல்லும் நாள் கடந்துவிடும். முதல் குன்றைச் சரியாக ஒப்படைக்காதவருக்கு இரண்டாவது குன்று தரக் கூடாது, இதை மனுவின் முதல் வரியாக எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் நான் கேட்பது உன் தொழிலறிவை. அடுத்த விடுமுறைக்கு வரும்போது அந்தச் சுவரைப் பார்த்து, எந்தக் கோணத்தில் இறக்க வேண்டும், மேலேயிருந்து வரும் தண்ணீரை எந்த வழியில் திருப்ப வேண்டும், குளத்தின் கரையை எப்படி ஆழமில்லாமல் சரித்துக் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடு. ஹைலண்ட் டவர்ஸ் 1993-ல் சாய்ந்து 48 பேர் போனது, பின்னாலிருந்த சரிவில் தண்ணீர் போக வழி சரியில்லாமல் மண் சரிந்ததால் என்று நீதான் எனக்கு விளக்கினாய். எங்கள் மொழியில் எழுதினால் கிழவியின் புலம்பல் என்று ஒதுக்குவார்கள். ஒரு பொறியாளர் கோணமும் கனமீட்டரும் போட்டு எழுதினால் படித்தாக வேண்டும். மரங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓராங் அஸ்லி பெரியவர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். முதலில் மகாங் மரம் தானாக வரட்டும், அதன் நிழலில் புலாயும் பெத்தாயும் மெரந்தியும் வைக்கலாம் என்கிறார். விதை எங்கே கிடைக்கும் என்றும் அவருக்குத் தெரியும்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பிள்ளைகளுக்கு என் முத்தம். மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பகுதியை மலாயில் எழுதி இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடு. தெமியாங்கில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் வேலையை நாங்கள் தொடங்கிவிட்டோம்.

அன்புடன்,
அக்கா